கைப்பிடித்து அழைத்துப் போனவர்

மலருக்கு ஒரு தலைவரின் வாழ்க்கையை எழுதச் சொன்னாங்க. நான் பத்தாவது வரைதான் படிச்சவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் அம்பேத்கர் நாட்டுக்குச் சட்டம் எழுதியது எல்லாருக்கும் தெரியும். அவருடைய படிப்பே பாதியில் நிற்கப் பார்த்தது பலருக்குத் தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன்.

அவர் 1891 ஏப்ரல் 14-ல் பிறந்தார். அப்பா ராம்ஜி ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா சின்ன வயசிலேயே இறந்துட்டாங்க, அத்தைதான் வளர்த்தாங்க. தீண்டத்தகாத சாதி என்று சொல்லி பள்ளிக்கூடத்தில் தனியாகச் சாக்கு விரித்து உட்கார வைத்தார்கள். தண்ணீரைக்கூட அவர் கையால் எடுத்துக் குடிக்க முடியாது.

பிறகு குடும்பம் பம்பாய்க்கு வந்தது. தொழிலாளிகள் இருக்கிற பகுதியில் ஒரே அறை. அடுப்பும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். ராத்திரி சத்தம் அடங்கின பிறகு, 2 மணிக்கு அப்பா எழுப்பி விடுவார், இவர் உட்கார்ந்து படிப்பார். புத்தகம் வாங்கக் காசு இல்லையென்றால், அப்பா கட்டிக்கொடுத்த மகள்கள் வீட்டுக்குப் போய் நகையை வாங்கி வந்து அடகு வைப்பார். இரண்டு பையன்களையும் படிக்க வைக்க வழியில்லாததால், அண்ணன் ஆனந்தராவ் படிப்பை விட்டு வேலைக்குப் போனார். இதைப் படிச்சப்போ எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எங்க வீட்டிலும் தம்பி படிக்கணும்னு நான்தான் நின்னேன்.

சாயங்காலம் பள்ளி விட்டதும் அம்பேத்கர் சர்னி ரோடு தோட்டத்தில் உட்கார்ந்து படிப்பாராம். அங்கே வரும் கேளுஸ்கர் என்ற பள்ளி ஆசிரியர் இந்தப் பையனைக் கவனித்தார். சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. பேச்சுக் கொடுத்தார், படிக்கப் புத்தகங்கள் கொடுத்தார். 1907-ல் மெட்ரிக் பாஸானபோது பாராட்டுக் கூட்டத்துக்கு வந்து, தானே எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார்.

கல்லூரியில் இண்டர் முடிந்ததும் அப்பாவிடம் பணம் தீர்ந்துபோச்சு. தீண்டத்தகாத மக்களில் நன்றாகப் படிக்கிறவருக்கு உதவுவதாகப் பரோடா மகாராஜா சாயாஜிராவ் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் அரண்மனை வாசலுக்கு அந்தப் பையன் எப்படிப் போவான்? கேளுஸ்கர்தான் மகாராஜாவுக்கு அந்த வாக்கை நினைவுபடுத்தி, பையனைக் கூட்டிட்டுப் போய் நிறுத்தினார். மாசம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1912-ல் பி.ஏ. முடித்தார். 1913-ல் அதே மகாராஜாவின் உதவியில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். பிறகு லண்டனிலும் பெரிய பட்டங்கள் வாங்கினார். அவர் வெளிநாட்டில் இருந்தப்போ மனைவி ரமாபாய் இங்கே வறுமையில் குடும்பத்தைத் தாங்கினதையும் நாம் மறக்கக் கூடாது.

வாங்கின உதவியை அவர் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. 1945-ல் மக்கள் கல்விச் சங்கம் தொடங்கினார். அடுத்த வருஷமே பம்பாயில் சித்தார்த் கல்லூரி வந்தது. சித்தார்த்தர் என்பது புத்தரின் பெயர். 1956-ல் அவர் புத்த மதத்தையே தழுவினார். வாத்தியார் கொடுத்த அந்தப் புத்தகம் 49 வருஷம் அவர் மனசில் இருந்திருக்கு பாருங்க.

பணம் மகாராஜாவுடையது. ஆனால் கேளுஸ்கர் இல்லையென்றால் அந்தப் பணம் அந்த வீட்டுக்கு வந்திருக்குமா?

நம்ம பிள்ளைகளுக்கும் இன்று உதவிகள் இருக்கு. என் மகள் பன்னிரண்டாவது முடிச்சப்போ, புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் உண்டு, முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கணும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்க குழு ஊக்குநர் அக்காதான் தன் வேலையை விட்டுட்டு இ-சேவை மையத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. இன்று மகள் கல்லூரிக்குப் போறா. எனக்கு அந்த வயசில் அப்படி ஒருத்தர் வரவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். கூட்டத்தில் சேமிப்பு, கடன் தவணை எழுதி முடிச்சதும், யார் வீட்டில் எந்தப் பிள்ளை படிப்பை நிறுத்தப் போகுது என்று ஒரு வார்த்தை கேளுங்க. அந்தப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போக நம்மில் ஒருத்தர் கிளம்பினால் போதும்.