சிறைக்குள்ளிருந்து எழுந்த வினா

நாட்டின் பாதுகாப்பைப் பேணுவது அரசின் கடமை. தனிமனிதரின் உரிமையைக் காப்பது சட்டத்தின் கடமை. இவ்விரண்டும் மோதும்போது எல்லைக்கோட்டை வரைபவர் யார்? இந்தியா குடியரசாகி நான்கு திங்கள்கூட நிறையாத காலத்தில், இவ்வினாவை உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தவர் ஏ.கே. கோபாலன். மக்கள் அவரை ஏ.கே.ஜி. என அன்புடன் அழைத்தனர்.

இளமையும் பொதுவாழ்வும்

இன்றைய கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 1904ஆம் ஆண்டு பிறந்த கோபாலன், ஆசிரியராகப் பணியைத் தொடங்கினார். விடுதலைப் போராட்டத்தின் அழைப்பை ஏற்று அப்பணியைத் துறந்தார். 1930இல் உப்புச் சத்தியாகிரகத்தில் பங்கேற்றுச் சிறை சென்றார். அனைவருக்கும் ஆலய நுழைவு வேண்டி 1931இல் குருவாயூரில் தொடங்கிய அறப்போராட்டத்தில் தொண்டர்படைத் தலைவராக நின்று அடியுதை பெற்றார். 1936இல் ஏழைகளின் பசியையும் வேலையின்மையையும் அரசுக்கு உணர்த்த, மலபாரிலிருந்து சென்னை வரை பட்டினிப் பேரணியை நடத்திச் சென்றார். பின்னர்ப் பொதுவுடைமை இயக்கத்தின் முன்னணித் தலைவரானார்.

அன்னியர் ஆட்சியில் பலமுறை சிறைப்பட்ட அவருக்கு, விடுதலைக்குப் பின்னும் சிறைவாழ்வு தொடர்ந்தது. 1947 டிசம்பரில் அவர் காவலில் வைக்கப்பட்டார். சாதாரணக் குற்றவியல் சட்டத்தின்கீழ் விதிக்கப்பட்ட தண்டனைகள் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டபோதும் அவர் வெளியே வர இயலவில்லை.

பூட்டப்பட்ட வாய்

அன்றைய அரசின் அச்சத்துக்கும் காரணம் இருந்தது. பிரிவினையின் புண்கள் ஆறவில்லை. தெலங்கானாவில் ஆயுதக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. இச்சூழலில் உள்துறை அமைச்சர் வல்லபாய் படேல் 1950 பிப்ரவரியில் தடுப்புக்காவல் சட்டத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். குற்றம் செய்த பின் தண்டிப்பது பொதுச்சட்டம். குற்றம் செய்யக்கூடும் என்னும் ஐயத்தால், விசாரணையின்றி முன்னரே அடைத்து வைப்பது தடுப்புக்காவல். ஓராண்டுக்கு மட்டும் எனக் கொண்டுவரப்பட்ட அச்சட்டம் பலமுறை நீட்டிக்கப்பட்டு, 1969 முடியும்வரை நீடித்தது.

ஏற்கெனவே காவலில் இருந்த கோபாலனுக்கு, 1950 மார்ச் 1 அன்று இப்புதிய சட்டத்தின்கீழ் ஆணை வழங்கப்பட்டது. சட்டத்தின் 14ஆம் பிரிவு அவரைத் திகைப்பூட்டும் நிலைக்குத் தள்ளியது. காவலுக்கான காரணங்கள் கைதிக்குத் தெரிவிக்கப்படும். ஆனால் அரசின் இசைவின்றி அவற்றை அவர் வெளியிட்டால் அதுவே தண்டனைக்குரிய குற்றம். நீதிமன்றமும் அவற்றைக் கேட்டறிய இயலாது. தாம் ஏன் அடைக்கப்பட்டோம் என்பதை நீதிபதியிடம்கூடச் சொல்ல முடியாதவர், காவல் தவறு என எவ்வாறு மெய்ப்பிப்பார்?

வழக்கும் தீர்ப்பும்

கோபாலன் உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். அவருக்காக வழக்கறிஞர் எம்.கே. நம்பியார் வாதாடினார். உயிர்வாழும் உரிமையையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் சட்டம் வகுத்த நடைமுறைப்படியன்றிப் பறித்தல் கூடாது என்கிறது அரசமைப்பின் 21ஆவது உறுப்பு. அந்நடைமுறை நேர்மையானதாகவும் இருத்தல் வேண்டும் என்பது அவர் வாதம்.

ஆறு நீதிபதிகள் கொண்ட அமர்வு 1950 மே 19 அன்று தீர்ப்பளித்தது. நால்வர் மனுவைத் தள்ளுபடி செய்தனர். நாடாளுமன்றம் முறைப்படி இயற்றிய சட்டம் இருந்தால் போதும். அது நேர்மையானதா என ஆராய்தல் நீதிமன்றத்தின் வேலையன்று என்பது பெரும்பான்மையோர் கருத்து. நீதிபதிகள் பசல் அலியும் மகாஜனும் மாறுபட்டனர். அடிப்படை உரிமைகள் தனித்தனித் தீவுகள் அல்ல, ஒன்றோடொன்று பிணைந்தவை என்று பசல் அலி கருதினார்.

எனினும் 14ஆம் பிரிவு செல்லாது என நீதிமன்றம் அறிவித்தது. பொதுநலனுக்குக் கேடு தரும் செய்திகளை வெளியிடாதிருக்க அரசமைப்பே அரசுக்கு இடமளிக்கிறது. ஆனால் கைதிக்குத் தெரிவித்த காரணங்களை நீதிமன்றத்திடமிருந்து மறைக்கும் உரிமையை அது அரசுக்கு வழங்கவில்லை. கோபாலன் சிறையிலேயே இருந்தார். ஆனால் அவர் தொடுத்த வழக்கால் கைதிகளின் வாய்ப்பூட்டு திறந்தது.

வழக்குக்குப் பின்

1951இல் விடுதலையான கோபாலன், அடுத்த ஆண்டு முதல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தம்மை அடைத்த சட்டங்களை இயற்றும் அவையிலேயே எதிர்க்கட்சியினரின் முதன்மைக் குரலாக விளங்கினார். ஐந்து முறை மக்களவை உறுப்பினரானார். 1975இல் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு, பல்லாயிரவர் விசாரணையின்றிச் சிறைப்பட்டபோது, எழுபது வயதைக் கடந்த அவர் மக்களவையில் அதனைக் கடுமையாக எதிர்த்தார். 1977 மார்ச் 21 அன்று நெருக்கடிநிலை முற்றிலும் விலக்கப்பட்டது. மறுநாள் அவர் மறைந்தார்.

மறு ஆண்டு, மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் புதிய வழியில் நடந்தது. பொதுநலனைக் காட்டிக் காரணம் கூறாமலே கடவுச்சீட்டைப் பறிமுதல் செய்தது பற்றிய வழக்கு அது. உரிமையைப் பறிக்கும் நடைமுறை நேர்மையும் நியாயமும் உடையதாக இருத்தல் வேண்டும் என நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கோபாலனுக்காக 1950இல் முன்வைக்கப்பட்டுத் தோற்ற வாதம், 28 ஆண்டுகளுக்குப் பின் நாட்டின் சட்டமாயிற்று. தடுப்புக்காவல் இன்றும் அரசமைப்பில் இடம்பெற்றுள்ளது. ஆயினும் அதன்கீழ் அடைக்கப்பட்டவர், தமக்கு உரைக்கப்பட்ட காரணங்களை நீதிமன்றத்தில் எடுத்துரைத்து நீதி கேட்க இயலும். அதற்கான வழியைத் திறந்தது கோபாலன் தொடுத்த வழக்கேயாகும்.