குதிரையின் பெயரில் எழுதிய கவிஞர்



எனக்கு சைக்கிள் சூப்பராக ஓட்டத் தெரியும் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு, மறுநாளே சரிவில் பிரேக் பிடிக்காமல் வாய்க்காலில் விழுந்தவன் நான். ரொம்ப நாள் இதை யாரிடமும் சொல்லவில்லை. பிறகுதான் தெரிந்தது, என்னைப் போலவே ஒருத்தன் 1896-லேயே ஆஸ்திரேலியாவில் விழுந்திருக்கிறான்! அவன் பெயர் மல்கா பில். எதையும் ஓட்டுவேன் என்று ஜம்பம் அடித்து, குதிரையை விட்டுவிட்டு சைக்கிள் வாங்குகிறான். சரிவில் சைக்கிள் பிய்த்துக்கொண்டு ஓட, ஓடைக்குள் தொபுக்கடீர்! சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு, இனிமேல் குதிரையே போதும் என்று வீட்டுக்குப் போகிறான்.

மல்கா பில் நிஜ மனிதன் இல்லை. ஒரு வேடிக்கைப் பாட்டில் வருகிறவன். அந்தப் பாட்டை எழுதிய பான்ஜோ பேட்டர்சனின் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பண்ணையில் வளர்ந்த பையன்

ஆண்ட்ரூ பார்ட்டன் பேட்டர்சன் 17.2.1864 அன்று நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் ஆரஞ்சு என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். (ஆமாம், ஊர் பேரே ஆரஞ்சுதான்!) அவருடைய அப்பா ஸ்காட்லாந்திலிருந்து வந்து ஆட்டுப் பண்ணை வைத்தவர். பையனுக்கு ஐந்து வயது இருக்கும்போது, கத்தரித்து வைத்த கம்பளி ரோமம் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போச்சு. பண்ணையை விற்க வேண்டியதாயிற்று. குடும்பம் யாஸ் என்ற ஊர்ப் பக்கம் வேறு பண்ணைக்குக் குடிபோனது.

சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் போகிற பெரிய பாதை அந்த வழியாகத்தான் போனது. காளை வண்டிகள், மந்தை ஓட்டிப் போகிறவர்கள், தங்கம் ஏற்றிய வண்டிக்குக் காவலாகப் போகும் குதிரைப் போலீஸ் என்று எல்லாவற்றையும் பையன் வேடிக்கை பார்த்தான். மலை நாட்டிலிருந்து குதிரை வீரர்கள் பந்தயத்துக்கும் போலோ ஆட்டத்துக்கும் வருவார்கள். சின்ன வயதில் எலும்பு முறிந்ததால் அவருடைய வலது கை இடது கையைவிடக் குட்டை. ஆனாலும் குதிரை ஏறுவதை அவர் விடவே இல்லை.

பரீட்சையில் தோல்வி

பத்து வயதில் சிட்னியில் பாட்டி வீட்டில் தங்கிப் படிக்க அனுப்பினார்கள். பாட்டியும் கவிதை எழுதுபவர். 16 வயதில் பல்கலைக்கழக உதவித்தொகைப் பரீட்சை எழுதினார். ஃபெயில்! அப்புறம் ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 1886-ல் அவரே வக்கீல் ஆனார். டென்னிஸ், படகு, போலோ எல்லாவற்றிலும் கெட்டிக்காரர். சிட்னி குதிரைப் பந்தயங்களிலும் ஓட்டினார்.

பகலெல்லாம் கடன் வசூல் கடிதம் எழுதுவதே வேலை. 1885 முதல் தி புல்லட்டின் என்ற வாரப் பத்திரிகைக்குப் பாட்டும் எழுதினார். வக்கீல் என்பதாலோ என்னவோ சொந்தப் பெயர் போடவில்லை. வீட்டில் இருந்த பந்தயக் குதிரையின் பெயரான பான்ஜோ என்பதைப் போட்டுக்கொண்டார்!

ஒருமுறை கிளான்சி என்பவருக்குப் பாக்கி கேட்டு ஆபீஸிலிருந்து கடிதம் போட்டார். ஆள் மந்தை ஓட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார், இருக்கும் இடம் தெரியாது என்று வேறு யாரோ பதில் எழுதினார்கள். நாமாக இருந்தால் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்போம். அவர் அதை வைத்தே 1889-ல் ஒரு பாட்டு எழுதிவிட்டார். புழுதியும் இரைச்சலும் நிறைந்த நகரத்து ஆபீஸில் ஒருவன் உட்கார்ந்துகொண்டு, திறந்த வெளியில் மந்தை ஓட்டும் கிளான்சியை நினைத்து ஏங்குகிறான். அந்த ஏக்கம் யாருடையது என்று உங்களுக்கே புரியும்.

பாட்டிலேயே சண்டை

1892-ல் ஹென்றி லாசன் என்ற கவிஞர் அவரை எதிர்த்து அதே பத்திரிகையில் எழுதினார். கிராமப்புறம் அவ்வளவு அழகு இல்லை, வறட்சியும் ஈயும் தனிமையும்தான் அங்கே இருக்கின்றன என்பது லாசனின் கட்சி. பேட்டர்சன் பாட்டிலேயே பதில் கொடுத்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படி மோதிக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னதே லாசன்தான் என்று பேட்டர்சன் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

யார் சொன்னது சரி? நான் ரொம்ப யோசித்தேன். லாசன் அந்த வருஷக் கடைசியில் வறண்ட ஊர்களுக்குப் போய், மூட்டை தூக்கி நடந்து பார்த்தவர். அவர் சொன்னது பொய் இல்லை. பேட்டர்சனுக்கும் கஷ்டம் தெரியாமல் இல்லை. வெள்ளத்தால் பண்ணையை இழந்த வீட்டுப் பிள்ளை அவர். ஆனால் சின்ன வயதில் விட்டுவந்த இடத்தை நினைக்கும்போது நல்லதுதானே முதலில் ஞாபகம் வரும்! இரண்டு பேரையும் படித்தால்தான் அந்த நாடு முழுசாகத் தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஐந்து பவுனுக்குப் போன பாட்டு

1895-ல் அவருடைய முதல் கவிதைப் புத்தகம் வந்தது. முதல் பதிப்பு ஒரே வாரத்தில் விற்றுத் தீர்ந்தது. அதே வருஷம் குயின்ஸ்லாந்தில் ஒரு பண்ணைக்கு விருந்தாளியாகப் போனபோது, கிறிஸ்டினா மக்ஃபர்சன் என்ற பெண் வாசித்த மெட்டுக்கு வால்ட்சிங் மடில்டா பாட்டை எழுதினார். இதில் மடில்டா என்பது பெண் இல்லை, நாடோடி முதுகில் சுமக்கும் மூட்டை! அந்தப் பாட்டின் உரிமையை வேறு சில பாட்டுகளோடு சேர்த்து வெறும் 5 பவுனுக்கு விற்றுவிட்டார். 1903-ல் அது ஒரு தேயிலைக் கம்பெனிக்கு விளம்பரமானது. 1977-ல் நாட்டுக்கு எந்தப் பாட்டு வேண்டும் என்று மக்களிடம் ஓட்டு கேட்டபோது, இரண்டாம் இடம் பிடித்தது இந்தப் பாட்டுதான்.

1899-ல் தென்னாப்பிரிக்கப் போருக்கு நிருபராகப் போனார். முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். பிறகு எகிப்தில் ராணுவக் குதிரைகளைப் பழக்கும் பிரிவில் மேஜராக இருந்தார். கடைசியில் ஒரு விளையாட்டுப் பத்திரிகைக்கு ஆசிரியர். 5.2.1941 அன்று, 77 வயது நிறைய 12 நாள் இருக்கும்போது, சிட்னியில் காலமானார். 1993-ல் வந்த ஆஸ்திரேலியப் பத்து டாலர் நோட்டில் அவர் படம் இருக்கிறது. அவருடைய பாட்டின் வரிகளும் பொடி எழுத்தில் அதில் அச்சாகியுள்ளன.

பண்ணை போச்சு, கை குட்டை, பரீட்சையில் ஃபெயில். இவற்றைச் சொல்லி அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. குதிரையையும் ஓட்டத்தையும் விழுவதையும் பாட்டாக்கி ஒரு நாட்டையே சிரிக்க வைத்தார். அந்தத் தைரியத்தில்தான் நானும் வாய்க்கால் கதையை இங்கே எழுதிவிட்டேன். சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்!