வீட்டு வரியோடு நூலக வரி ஏன்? யார் இந்த எஸ்.ஆர்.ரங்கநாதன்?

திருவண்ணாமலை வேங்கிக்காலில் சொந்த வீடு இருக்கா? அப்போ வீட்டு வரி ரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்க. நூலக வரின்னு தனியா ஒரு தொகை இருக்கும். தமிழ்நாடு முழுக்க சொத்து வரியில் 10 சதவீதம் இப்படி வசூலாகிறது. லைப்ரரி பக்கமே போகாதவரும் கட்டும் இந்த வரிக்குப் பின்னால் இருப்பவர் ஒரு கணக்கு வாத்தியார்.

சீர்காழியில் 1892ல் பிறந்தவர் ரங்கநாதன். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். திக்குவாய் இருந்தும் மங்களூரு, கோவை, சென்னைக் கல்லூரிகளில் பாடம் நடத்தினார்.

1924ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். சம்பளம் கூடுதல்தான், ஆனா வேலை செம போர்! சில நாட்களிலேயே கல்லூரிக்கே திரும்புகிறேன் என்று கேட்டார். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்பவும் பிடிக்கலைன்னா பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள்.

அங்கேதான் எல்லாம் மாறியது. பிரிட்டனில் 1850லேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. மக்கள் கட்டும் வரியில் நூலகங்கள் நடந்தன. தொழிலாளி, இல்லத்தரசி, பள்ளிப் பிள்ளை என எல்லாரும் உள்ளே வந்தார்கள். ஒரு நூலகத்தில் சேர்ந்து வேலை பழகிய அவர், நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார்.

1925ல் சென்னை திரும்பியதும் பூட்டிய அலமாரிகளைத் திறந்துவிட்டார். வாசகரே ரேக்கில் கைவைத்து புத்தகம் எடுக்கலாம். அந்தக் காலத்துக்கு இது பெரிய துணிச்சல். 1931ல் மன்னார்குடியில் மாட்டு வண்டி நூலகம் கிளம்பியதிலும் அவர் பங்கு உண்டு. அதே ஆண்டு நூலக அறிவியலின் 5 விதிகளை வெளியிட்டார். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்தத்தான் என்பது அதன் அடிப்படை. உலகம் முழுக்க நூலகப் படிப்பில் இன்றும் அது பாடம்.

அவர் பார்வையில் நூலகர் சாவி வைத்திருக்கும் காவலாளி இல்லை. கேள்வியோடு வருபவரை, பதில் இருக்கும் பக்கம் வரை கூட்டிப் போகிறவர். இன்னைக்கு வாட்ஸ்அப்ல ஒரு அரசுத் திட்டம் பற்றி மெசேஜ் வருது. நம்பி, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வரை பஸ் பிடிச்சு வந்து நிற்கிறோம். அப்படி ஒரு திட்டமே இல்லைன்னா? அரசாணை எங்கே, யாருக்குப் பொருந்தும்னு முன்னாடியே பார்க்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கஷ்டம். ஓட்டு போடுகிறவருக்கும் இதே கதைதான்.

இதை நல்ல மனசுக்காரர்களின் நன்கொடையை நம்பி விட முடியாது, சட்டம் வேண்டும் என்பதில் ரங்கநாதன் பிடிவாதமாக இருந்தார். 1930ல் மாதிரிச் சட்டம் எழுதினார். 1933ல் சென்னை சட்டமன்றத்துக்கு மசோதா வந்தும் நிறைவேறவில்லை. 1948ல்தான் மதராஸ் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இதுவே முதல். அவினாசிலிங்கம் செட்டியார் அப்போது கல்வி அமைச்சர். மாவட்ட வாரியாக நூலக ஆணைக்குழு, நூலக வரி எல்லாம் இதில் வந்தவை.

1957ல் பத்மஸ்ரீ. சேமித்த ஒரு லட்ச ரூபாயை, மனைவி சாரதா பெயரும் சேர்த்து நூலகவியல் பேராசிரியர் பதவி அமைக்க சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். 1972 செப்டம்பர் 27ல் பெங்களூருவில் காலமானார். ஆகஸ்ட் 12ஐ தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடுவது அவர் பிறந்தநாளை ஒட்டித்தான்.