கண்ணிழந்தும் கண்ட கூரத்தாழ்வான்

மதுரைக்கு வடக்கே சுமார் 20 கி.மீ. தொலைவிலுள்ள திருமாலிருஞ்சோலைக்குச் செல்லும் நாம், நூபுரகங்கையில் நீராடி, பதினெட்டாம்படிக் கருப்பரை வணங்கி, சுந்தரத்தோளுடையாரைச் சேவித்துத் திரும்புகிறோம். சித்திரையில் அவரே மதுரைக்கு எழுந்தருளி வையையில் இறங்கும்போதும் கண்குளிரக் காண்கிறோம். ஆனால் கண்ணொளி இழந்த நிலையில் அம்மலையடியில் வாழ்ந்து, அவ்வழகரை 132 சுலோகங்களால் துதித்த மகானை நம்மில் பலர் நினைப்பதில்லை. அவரே கூரத்தாழ்வான்.

காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில், தை ஹஸ்தத்தில் அவதரித்த அவருடைய இயற்பெயர் ஸ்ரீவத்ஸாங்கர். பெருஞ்செல்வர், அன்னதானத்தில் நிகரற்றவர். அனைத்தையும் துறந்து, தேவிகளான ஆண்டாளுடன் திருவரங்கத்திற்கு நடந்தபோது, காட்டு வழியில் அம்மையார் அஞ்சினார். அவர் மடியில் பொன்வட்டில் ஒன்று இருப்பதை அறிந்த ஆழ்வான் அதை வாங்கி வீசியெறிந்தார். அச்சத்திற்கான காரணமும் அதனோடு நீங்கியது. பின்னர் எம்பெருமானாருடன் காஷ்மீரம் சென்று, போதாயன விருத்தியை இரவுகளில் கற்று நெஞ்சில் பதித்து, ஸ்ரீபாஷ்யம் உருவாகத் துணை நின்றார்.

அத்தகைய கண்களுக்கே சோதனை வந்தது. சோழ மன்னன் உடையவரைத் தன் அவைக்கு அழைத்தபோது, ஆழ்வான் தம் ஆசார்யரின் காஷாயத்தைத் தாம் தரித்துப் பெரியநம்பியுடன் சென்றார். அவையில் அவரை அடையாளம் காட்டியவன் அவருடைய சீடனாக இருந்த நாலூரான். அங்கே ஆழ்வான் கண்களை இழந்தார். திரும்பும் வழியில் பெரியநம்பி பரமபதித்தார் என்று குருபரம்பரை கூறும்.

திருவரங்கம் மீண்ட ஆழ்வானுக்குக் கோயில் வாசலில் மற்றொரு சோதனை. உடையவரைச் சார்ந்தோருக்கு அனுமதி இல்லை என்றும், ஆழ்வான் நற்குணம் உடையவராதலால் அவர் மட்டும் உள்ளே போகலாம் என்றும் காவலர் கூறினர். ஆசார்ய சம்பந்தத்தை அறுக்கும் நற்குணம் தமக்கு வேண்டாம் என்று திரும்பிய அவர், குடும்பத்துடன் திருமாலிருஞ்சோலை வந்தடைந்தார். அங்கே அருளியதே சுந்தரபாஹு ஸ்தவம். உடையவருடன் மீண்டும் திருவரங்கத்தில் வாழ வேண்டும் என்ற பிரார்த்தனையும் அதில் உண்டு.

மேல்நாட்டிலிருந்து திரும்பிய உடையவர், பேரருளாளனிடம் கண்களை வேண்டுமாறு ஆழ்வானை ஏவினார். ஆழ்வானும் காஞ்சியில் வரதராஜ ஸ்தவம் பாடினார். பெருமாள் வரம் தர இசைந்தபோது, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்றே அவர் கேட்டார். நம் கண்ணுக்குத் துரோகியாக மட்டும் தெரியும் ஒருவனை, கரையேற வேண்டிய ஓர் உயிராக அவர் கண்டார்.

அடியேன் பல்லாண்டு வங்கியில் பணியாற்றியவன். கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தால் அதைக் கண்டுபிடிக்காமல் இரவு வீடு திரும்பியதில்லை. ஆனால் ஓய்வூதியம் பெற வந்து வரிசையில் நின்ற முதியவர்களின் கையெழுத்தைச் சரிபார்த்த அளவுக்கு, நடுங்கிய அவர்தம் கைகளைப் பார்த்தேனா என்றால் இல்லை. ஆழ்வானின் சரிதம் படிக்கும்போதெல்லாம் அந்தக் கைகள் இப்போது நினைவுக்கு வருகின்றன.

அடுத்த முறை அழகர்மலை செல்லும்போது ஆழ்வானையும் நினைப்போம். சந்நிதி வரிசையில் நம் முன்னே நிற்பவரையும் ஒருமுறை நன்றாகப் பார்ப்போம்.

கூரத்தாழ்வான் திருவடிகளே சரணம்.