யாழொலி தேடிய விபுலாநந்த அடிகள்

சேது என்று ஆன்றோர் போற்றும் இராமேச்சுரக் கரையில் நின்று கிழக்கே நோக்குவார்க்கு ஈழநாடு நெடுந்தொலைவன்று. 1914-ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் இயங்கின. இருகரைத் தமிழரும் அவ்வழியே போக்குவரவு செய்தனர். 1964-ஆம் ஆண்டின் பெரும்புயலில் தனுஷ்கோடி பாழாயிற்று. கப்பல் வழியும் பின்னர் மறைந்தது. எனினும் அக்கடலைக் கடந்து வந்து தமிழுக்குத் தொண்டு புரிந்த பெரியோரின் நினைவு மறையவில்லை. அவருள் முதல்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் யாழ்நூல் ஆசிரியராகிய விபுலாநந்த அடிகள்.

அடிகளார் 1892-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள் ஈழத்தின் கீழ்க்கரையிலுள்ள காரைதீவில் சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாகத் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், மட்டக்களப்பில் அர்ச்சிஷ்ட மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பயின்றார். பின்னாளில் காவியுடை தரித்துத் துறவறம் பூண்ட ஒருவர்க்கு இளமையில் அறிவுக்கண் திறந்தவை கிறிஸ்தவ மிஷன் கல்விச்சாலைகளே என்பது நம் கல்லூரி மாணவர் உளங்கொள்ளத் தக்கதாகும்.

தமிழும் விஞ்ஞானமும் அவர்பால் ஒருங்கே வளர்ந்தன. 1916-ஆம் ஆண்டு கொழும்பில் விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் பண்டிதத் தேர்விலும் வெற்றி பெற்றார். ஈழநாட்டினருள் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. அச்சங்கத்தை 1901-இல் நிறுவியவர் இராமநாதபுரம் சேதுபதி மரபினராகிய பாண்டித்துரைத் தேவர் என்பதை இச்சீமையார் அறிவர். தேவர் 1911-இல் மறைந்தாரேனும், அவர் நட்ட மரத்தின் கனி கடலுக்கு அப்பாலும் சென்று பயன்பட்டது.

பின்னர் யாழ்ப்பாணத்து அர்ச்சிஷ்ட பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராய் அமர்ந்து, இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டமும் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமை ஏற்றார். பதவியும் புகழும் வளர்ந்துவரும் அந்நிலையில் அவற்றைத் துறந்து, 1922-இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924-இல் சுவாமி சிவாநந்தரிடம் துறவுபெற்று விபுலாநந்தர் ஆயினார். துறவு அவரைத் தமிழினின்று பிரிக்கவில்லை. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராயினார். 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அவ்வாறே முதல் தமிழ்ப் பேராசிரியராயினார். செகசிற்பியாரின் நாடகங்களை ஆய்ந்து மதங்க சூளாமணி இயற்றினார். கலைச்சொல்லாக்கப் பணிக்கும் தலைமை பூண்டார்.

இவை யாவும் பெருமைக்குரியனவே. ஆயினும் அவர் வாழ்நாளின் பெரும்பொருளாக நின்றது பிறிதொரு வினா: பண்டைத் தமிழர் மீட்டிய யாழ் எவ்வாறு ஒலித்தது?

இவ்வினாவின் அருமையை அறிதற்கு யாழும் வீணையும் தம்முள் வேறுபடுமாற்றை அறிதல் வேண்டும். இன்று நாம் காணும் தஞ்சை வீணையில் இருபத்துநான்கு மெட்டுக்கள் உள. ஒரே தந்தியை வெவ்வேறு மெட்டுக்களில் அழுத்திப் பல சுரங்களைப் பெறலாம். தந்தியைப் பக்கமாக இழுத்துக் கமகம் எழுப்பலாம். ஒரு சுரத்தினின்று மற்றொரு சுரத்திற்கு ஒலி வழுக்கிச் செல்லும். வில்வடிவாகிய யாழின் இயல்பு அஃதன்று. அதன்கண் மெட்டு இல்லை. ஒவ்வொரு நரம்பும் தனக்குரிய ஓர் இசையையே தரும். பேரியாழுக்கு இருபத்தொரு நரம்புகள் என்பர். ஒன்றை வருடுங்கால் அதனோடு ஒத்த பிற நரம்புகளும் தாமே அதிரும். ஆதலின் ஒலி தெளிவுடையதாயும், ஒன்றன்மேல் ஒன்று படர்வதாயும் இருக்கும். பெரும்பாணாற்றுப்படையில் ஆயன் ஒருவன் குமிழங்கொம்பை வளைத்து மரல் நாரைக் கட்டி இசைத்த வில்யாழே இக்குலத்தின் எளிய முதல் வடிவெனலாம். பர்மியரின் வளைந்த யாழ் இன்றும் இசைக்கப்படுகின்றது. சுமேரியரின் ஊர் என்னும் பழநகரில் அகழ்ந்தெடுத்த யாழ்களும் இக்குலத்தோடு உறவுடையனவே.

யாழின் எல்லையைத் திருஞானசம்பந்தர் வரலாறு நன்கு விளக்கும். அவர் பாடிய பதிகம் ஒன்று யாழில் அடங்காமையால் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மனம் நொந்து தம் கருவியை உடைக்கப் புகுந்தனர் என்று பெரியபுராணம் கூறும். மிடற்றிசையின் நெளிவுகள் முழுவதையும் திறந்த நரம்புகள் பின்பற்ற இயலா. காலப்போக்கில் மெட்டுடைய கருவிகள் மேலோங்கின, யாழ் வழக்கொழிந்தது. ஏட்டில் பெயர் நின்றது. செவியில் ஒலி நிற்கவில்லை.

அவ்வொலியை மீட்க அடிகளார் கொண்ட வழி விஞ்ஞானியின் வழி. சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் அடியார்க்குநல்லார் உரையையும் முதற்சான்றாகக் கொண்டார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைக்கும் முறையே நான்கு, நான்கு, மூன்று, இரண்டு, நான்கு, மூன்று, இரண்டு என இருபத்திரண்டு அலகுகள் வகுக்கப்பட்டுள்ளன. குரலுக்கு ஐந்தாம் நரம்பாகிய இளி கிளை எனப்படும். நரம்பின் நீளத்தை மூன்றிலிரண்டாகக் குறைத்தால் இளி பிறக்கும். அதனின்றும் அவ்வாறே அடுத்தது பிறக்கும். இக்கணக்கை வழிகாட்டியாகக் கொண்டு பாலைகளையும் பண்களையும் தேவார இசையையும் ஆராய்ந்தனர்.

இதே துறையில் அவர்க்கு முன்னே உழைத்தவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். கிறிஸ்தவத் தமிழராகிய அப்பெரியார் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் இருபத்திரண்டு சுருதி என்னும் கொள்கையை மறுத்து, ஒரு தாயியை இருபத்துநான்கு சமபாகமாக்குதலே தமிழ் முறை என்று நாட்டினார். கணிதத்திற் காணும் ஓர் இடரே இவ்வழக்கின் வேர். இளி வழியே பன்னிரண்டு முறை ஏறினால் ஏழு தாயிக்குச் சிறிது மிஞ்சிவிடும். அச்சிறு மிகையை எல்லாச் சுரங்களுக்கும் பகிர்ந்தளித்தால் சமபாகம் கிடைக்கும். பகிராது விட்டால் சுரங்கள் தூயனவாய் நிற்கும், ஆனால் இடைவெளிகள் ஒன்றுபோல் இரா. அடிகளார் பிந்தியதையே மேற்கொண்டார். இருவரும் வேறுபட்ட முடிபினரேனும், பழைய ஒலியை வெறும் பெருமிதத்தால் அன்றி அளவையால் நிறுவ வேண்டும் என்பதில் ஒருமைப்பட்டனர்.

பழங்கருவியின் ஒலியைப் புதுக்கருவியோடு ஒப்பிடும் ஆர்வம் இக்காலத்தும் உண்டு. 1970-இல் அமெரிக்காவில் வெளிவந்த மினிமூக் என்னும் மின்னிசைக் கருவியை 2016-இல் அந்நிறுவனமே மீண்டும் செய்து வெளியிட்டபோது, பழையதன் கனிவு புதியதில் உண்டோ என்று கேட்டு இளைஞர் வாதிட்டனர். அவர்க்கு எளிமை ஒன்று உண்டு: இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்கலாம். அடிகளார்க்கு அவ்வாய்ப்பு இல்லை. ஒப்பிடுதற்கு ஒரு பழைய யாழும் கையில் இல்லை. அதனைக் கேட்ட செவியும் உலகில் இல்லை. கணக்கு சுருதியைத் தரும். மரத்தின் மணத்தையும் தோலின் அதிர்வையும் நரம்பின் நயத்தையும் தாராது. ஆகலின் நூலெழுதுவதோடு அமையாது, யாழின் வடிவங்கள் செய்யப்படவும் வழிகோலினார்.

பத்தாண்டுக்கும் மேற்பட்ட உழைப்பின் பயனாகிய யாழ்நூல், பாயிரவியல் முதல் ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களுடையது. கரந்தைத் தமிழ்ச்சங்கம் அதனை வெளியிட்டது. 1947-ஆம் ஆண்டு ஜூன் மாதம், சம்பந்தர் பாடல்பெற்ற திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேற்றம் நிகழ்ந்தது. யாழ்க்கருவிகள் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பெற்றன. அவற்றின் இசையும் அவையோர் செவியை எட்டிற்று. உடல் நலிவுற்றிருந்த அடிகளார் அந்நிறைவைக் கண்ணாரக் கண்டார். அதன்பின் ஆறு வாரங்களே கழிந்தன. 1947 ஜூலை 19-ஆம் நாள் கொழும்பில் இறைவன் திருவடி சேர்ந்தார். மட்டக்களப்பை அடுத்த கல்லடி உப்போடையில், தாம் வளர்த்த சிவாநந்த வித்தியாலயத்தின் வளாகத்திலேயே அவர்தம் திருவுடல் அடக்கஞ் செய்யப்பெற்றது.

அடிகளார் முடிபுகளுட் சிலவற்றைப் பின்வந்த இசையறிஞர் ஏற்றிலர். அஃது அவர் புகழுக்குக் குறைவாகாது. மறுக்கத்தக்க வகையில் அளவும் சான்றும் காட்டி எழுதுதலே விஞ்ஞானத்தின் இலக்கணம். சான்றின்றிப் புகழ்வாரை மறுக்கவும் இயலாது, அவரால் அறிவு வளர்தலும் இல்லை. விஞ்ஞானம் பயில்வோர் தமிழை அயலாகவும், தமிழ் பயில்வோர் விஞ்ஞானத்தைப் பகையாகவும் எண்ணும் நிலை நம்மிடையே இன்னும் முற்றும் நீங்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் நரம்பின் நீளத்தை அளக்கும் மாணவனும், சிலப்பதிகாரத்திற்கு உரைகாணும் மாணவனும் ஒருவனாகவே இருத்தல் கூடும் என்பதற்கு அடிகளார் வாழ்வே சான்று. அவர்போல் இருதுறையும் பயில முற்படுவோர் நம் கல்லூரியினின்றும் தோன்றுவாராக.