மிலான் நகரத்து அர்ச். சார்லஸ் பொரோமேயோ

உறவினரால் எய்திய பதவியைக் கொண்டு ஊருக்கு நலம் புரிதல் அரிதினும் அரிதாம். அவ்வருமையை மிலான் நகரத்து மேற்றிராணியாராய் விளங்கிய அர்ச். சார்லஸ் பொரோமேயோவின் சரிதத்திற் காண்கின்றோம்.

இவர் இத்தாலிய தேயத்தின் வடபால், மாஜியோரே ஏரிக்கரையிலுள்ள அரோனாவில் 1538-ஆம் ஆண்டு பிறந்தார். தாய்மாமன் நான்காம் பத்திநாதர் என்னும் பெயரோடு பாப்பரசராயதும், 21 வயதே நிரம்பிய மருகரை 1560-இல் கர்தினாலாக உயர்த்தினார். இது தகுதி நோக்கியன்று, உறவு நோக்கியே அளிக்கப்பட்டதென்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. 1562-இல் தமையனார் இறந்தபோது, மணம்புரிந்து குலம் விளக்குமாறு சுற்றத்தார் வற்புறுத்தினர். இவரோ மறு ஆண்டிற் குருப்பட்டம் பெற்றார்.

1565-இல் மிலான் புகுந்தார். ஏறத்தாழ 80 ஆண்டுகளாக எந்த மேற்றிராணியாரும் அங்கு நிலையாய் வதிந்திலர், ஒழுங்கு குலைந்திருந்தது. குருமடங்களை நிறுவியும், சிறார்க்கு ஞானோபதேசப் பள்ளிகளைப் பரப்பியும், துறவியரைக் கண்டித்தும் திருத்தலானார். சினங்கொண்ட துறவி ஒருவன், 1569-இல் இவர் மாலைச் செபத்தில் இருக்கையிற் சுட்டான். குண்டு பட்டும் உயிர் பிழைத்தார். குற்றவாளிகளுக்காக இவர் மன்னிப்பு வேண்டினார். ஆயினும் அவர்கள் கொல்லப்பட்டனர்.

1576-இல் கொள்ளைநோய் வந்துற்றது. தேசாதிபதியும் பிரபுக்களும் நகரை விட்டகன்றனர். வெளியூர் சென்றிருந்த மேற்றிராணியாரோ நகருக்கு விரைந்து திரும்பினார். நோயாளரை நேரிற் கண்டு தேற்றினார். ஏழையர்க்கு உணவளித்துக் கடனாளியானார். தம் அரண்மனைத் திரைச்சீலைகளையும் ஆடைகளாகத் தைப்பித்து வழங்கினார். கழுத்திற் கயிறிட்டு, வெறுங்காலினராய்ச் சிலுவை தாங்கித் தெருவில் நடந்தார். வீட்டினுள் அடைபட்டோர் சாளரத்தினின்றே பூசை காணும்படி நாற்சந்திகளில் பீடங்கள் எழுப்புவித்தார். இச்செயலே எம் உள்ளத்தைப் பெரிதுங் கவர்கின்றது. பக்தியும் எச்சரிக்கையும் இதில் ஒருங்கே நின்றன அன்றோ!

1584-இல், 46 வயதில் இவர் உயிர் நீத்தார். 1610-இல் அர்ச்சியசிஷ்டராக உயர்த்தப்பட்டார். அரோனாவில் 1698-இல் நிறைவுற்ற இவரது செப்புத் திருவுருவத்தின் உள்ளே ஏறி, அதன் கண்வழியே ஏரியை நோக்கலாமாம்.

1630-இல் மீண்டும் கொள்ளைநோய் வந்தபோது, இவரது திருவுடலை ஊர்வலமாய் எடுக்குமாறு நகரத்தார் வேண்டினர். இவர் மரபினரும் அக்காலத்து மேற்றிராணியாருமான ஃபெதெரிகோ, கூட்டத்தால் நோய் பரவுமென்றஞ்சி முதலில் மறுத்துப் பின்னர் இசைந்தார். ஜூன் 11-ஆம் நாள் ஊர்வலம் நிகழ்ந்தது. அடுத்த நாள்களிற் சாவு பெருகிற்று. நகரை விட்டகலுமாறு பலர் வேண்டியும், ஃபெதெரிகோ அகலாது நோயாளர் நடுவே தங்கினார்.