தீனபந்து ஆண்ட்ரூஸ்

தொண்டு செய்வோர் நம் நாட்டில் எக்காலத்தும் குறைந்ததில்லை. தொண்டு செய்யும்பொழுது தம்மைத் தாழ்த்திக்கொள்வோரே அருமை. அன்னமிடுகிறவன் ஏழையை வாயிற்படியில் நிறுத்தி வைத்தே இடுகிறான். பிறர் குறை தீர்க்கப் புறப்பட்டவன் நாளடைவில் அவர்களுக்குத் தலைவனாகிவிடுகிறான்; பின்னர் அத்தலைமையைக் காத்துக்கொள்வதே அவனுக்கு முழுநேர வேலையாகிறது. பொதுவாழ்வில் ஈடுபட்ட நம்மில் இந்நோய்க்கு ஆளாகாதவர் மிகச் சிலரே. ஆதலின், கிறிஸ்து வேதம் வற்புறுத்தும் தாழ்மை என்னும் குணத்தைத் தம் வாழ்வாகவே ஆக்கிக்கொண்ட ஒரு பெரியாரைப்பற்றி இன்று சிறிது கூற விரும்புகிறோம். அவர் ஆளும் இனத்திற் பிறந்து, ஆளப்பட்டோருடைய காலடியில் அமர்ந்தவர். தீனபந்து என்று நம் நாட்டார் அன்புடன் அழைத்த சார்லஸ் பிரீயர் ஆண்ட்ரூஸே அவர்.

இயேசுநாதர் மரணமடைவதற்கு முந்திய இரவில், மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு, தம் சீடர்களின் பாதங்களைக் கழுவினார் என்று யோவான் எழுதிய சுவிசேஷம் கூறுகிறது. அது அக்காலத்தில் வீட்டு வேலைக்காரன் செய்யும் வேலை. குருவே அதைச் செய்ததைச் சீடர்களால் சகிக்க முடியவில்லை. பேதுரு மறுத்தே பார்த்தார். கிறிஸ்தவ வாழ்வின் சாரம் முழுவதும் அச்செயலில் அடங்கியிருக்கிறது எனலாம். ஆயினும், ஆங்கில ஆட்சிக் காலத்தில் இங்கு வந்த பாதிரிமார்களுள் பலர், இத்தேசத்தாருக்கு நன்மை செய்ய விரும்பினரேயன்றி, இத்தேசத்தாருக்குக் கீழே இருந்து அதைச் செய்ய விரும்பினாரல்லர். பள்ளி வைத்தனர்; மருத்துவசாலை அமைத்தனர்; அதிகார பீடத்தைமட்டும் விட்டு இறங்கவில்லை. ஆண்ட்ரூஸ் இறங்கினார். ஒருமுறை அன்று, பலமுறை இறங்கினார்.

அவர் 1871 பிப்ரவரி 12இல் இங்கிலாந்தில் நியூகாஸில் நகரில் பிறந்தார். தந்தையார் ஒரு சிறு கிறிஸ்தவ சபையின் போதகர். நம்பியிருந்த நண்பர் ஒருவர் மோசம் செய்துவிட்டதால், அக்குடும்பத்தின் சொத்து பெரும்பாலும் பறிபோயிற்று. தந்தையாரோ அந்நண்பர்மீது வழக்குத் தொடுக்கவில்லை. அன்றிரவு குடும்பப் பிரார்த்தனையில் அவருக்காகவே இறைவனை வேண்டினார். சிறுவன் ஆண்ட்ரூஸின் உள்ளத்தில் இது ஆழப் பதிந்தது. பின்னர் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கல்வி கற்று, லண்டன் நகரத்து ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் ஊழியம் புரிந்து, 1897இல் குருப்பட்டம் பெற்றார். அவருடைய உயிர்த்தோழரான பாஸில் வெஸ்ட்காட் என்பவர் தில்லியில் ஊழியம் செய்துவந்து, 1900இல் வாந்திபேதியால் மாண்டார். நண்பர் விட்ட பணியைத் தாம் தொடரவேண்டுமென்று கருதி, 1904 மார்ச்சு 20இல் ஆண்ட்ரூஸ் இந்தியா வந்து சேர்ந்தார். அந்நாளையே தமது இரண்டாவது பிறந்தநாளாக அவர் கொண்டாடி வந்தார்.

தில்லி ஸெயிண்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் அவர் ஆசிரியரானார். அங்கே நெடுங்காலமாக உழைத்து வந்தவர் சுசீல் குமார் ருத்ரர் என்னும் வங்காளக் கிறிஸ்தவர். 1906இல் தலைமையாசிரியர் பதவி காலியாயிற்று. தகுதியும் அனுபவமும் ருத்ரருக்கு இருந்தன. ஆனால், ஆங்கிலேயர் ஒருவரே அப்பதவியில் அமரவேண்டுமென்று மிஷனில் பலர் எண்ணினர். ஆண்ட்ரூஸ் நினைத்திருந்தால் தாமே அதை ஏற்றிருக்கலாம். அவரோ ருத்ரரே தலைவராதல் வேண்டுமென்று வாதாடினார். இல்லையேல் தாம் விலக நேருமென்றும் தெரிவித்தார். ருத்ரர் தலைவரானார், கேம்பிரிட்ஜ் பட்டதாரியான ஆண்ட்ரூஸ் அவருக்குக் கீழே மனமுவந்து வேலை பார்த்தார். நிறமே தகுதியென்று எண்ணப்பட்ட காலத்தில் இது சிறு செய்தியன்று. பிறருக்கு உரிய இடத்தைத் தாம் அடைத்துக்கொண்டிராமல் எழுந்து நிற்பதே தாழ்மையின் முதற்படி என்பதை இதனால் உணர்கிறோம்.

இரண்டாவது படி இதனினும் கடினமானது. 1913இல் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய சத்தியாக்கிரகம் உச்ச நிலையை அடைந்திருந்தது. ஒப்பந்தக் கூலிகளாகச் சென்று, தவணை முடிந்தும் அங்கேயே தங்கிய இந்தியர்மீது சுமத்தப்பட்ட 3 பவுன் வரியை எதிர்த்து நேட்டாலில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுள் மிகப் பலர் தமிழர். கடற்கரையில் கரும்பு வெட்டியும் சுரங்கத்தில் நிலக்கரி தோண்டியும் வாழ்ந்த அவர்கள், சிறைக்கும் சவுக்கிற்கும் அஞ்சாது நின்றனர். கோகலே இங்கே நிதி திரட்டியபொழுது, ஆண்ட்ரூஸ் தம் சேமிப்பு முழுவதையும் கொடுத்தார். பின்னர்க் கோகலேயின் விருப்பப்படி, வில்லியம் பியர்ஸன் என்னும் நண்பருடன் தாமே கப்பலேறினார்.

1914 ஜனவரியில் டர்பன் துறைமுகத்தில் அவர் இறங்கினார். கூலியாட்களைப்போல் முரட்டு வெள்ளைத் துணி உடுத்து, தலையை மழித்து நின்ற மெலிந்த மனிதரே காந்தி என்று அறிந்ததும், அவர் குனிந்து அவருடைய பாதங்களைத் தொட்டார். பல வெள்ளையர் பார்த்துக்கொண்டிருக்கையில் இது நிகழ்ந்தது. நேட்டால் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. ஓர் ஆங்கிலப் பாதிரியார் ஆசியன் ஒருவன் காலைத் தொடுவதா என்று வெள்ளையர் வெகுண்டனர். அவர்கள் வெகுண்டதில் வியப்பில்லை. நிறத்தின் பெயரால் எழுப்பிய கோட்டை முழுவதும், மேலோன் ஒருவனும் குனியமாட்டான் என்னும் நம்பிக்கையின்மீதே நின்றது. ஆண்ட்ரூஸ் ஒரு கணம் குனிந்தார். அக்கோட்டையில் விரிசல் கண்டது.

அந்த நாட்டில் அவர் கண்ட மற்றொரு காட்சி தமிழராகிய நமக்கு நெருங்கியது. தோட்டத்து எசமானனிடம் அடிபட்டு, முதுகெல்லாம் சவுக்குத் தழும்புடன் அடைக்கலம் தேடி வந்த தமிழ்க்கூலி ஒருவனை அவர் பரிவுடன் அணுகினார். அவனோ வெள்ளை முகத்தைக் கண்டதும் அஞ்சிப் பின்வாங்கினான். அன்பு செலுத்த வந்தவனையும் அடிக்க வந்தவனாகவே காணும்படி தம் இனம் செய்துவிட்டதே என்னும் வேதனை, அதன்பின் அவரை விட்டு அகலவேயில்லை. அம்மனிதனுடைய முகத்தில் அவர் தம் கிறிஸ்துவைக் கண்டார். அங்கே இருந்த நாட்களிலேயே இங்கிலாந்தில் அவருடைய அருமைத் தாயார் காலமானார். தாயின் கடைசி முகத்தைக் காணும் பேறும் அவருக்குக் கிட்டவில்லை. காந்தியடிகளுக்கும் ஜெனரல் ஸ்மட்ஸுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டிற்கு வழிசெய்தவர்களுள் அவர் ஒருவர். அதன் பயனாக அவ்வாண்டிலேயே 3 பவுன் வரி ஒழிந்தது.

அதே 1914இல் அவர் குருத்தொழிலினின்றும் விலகினார், கிறிஸ்துவைமட்டும் விடவில்லை. பாதிரியார் அங்கியைக் களைந்து, வேட்டியும் சட்டையும் அணிந்து, சாந்திநிகேதனத்தில் கவி தாகூரின் ஆசிரமவாசிகளுள் ஒருவரானார். எவரையும் மதம் மாற்ற முயலவில்லை. மற்றவரைத் தம் மதத்திற்கு அழைப்பதைவிடத் தாம் தம் மதத்திற்கு உண்மையாக நடப்பதே ஊழியம் என்று அவர் கொண்டார் போலும். ஹிந்துக்களும் முஸ்லிம்களும் அவரைத் தம்மவராகக் கொண்டது இதனாலேயே.

1915இல் பியர்ஸனுடன் பிஜித் தீவுகளுக்குச் சென்றார். 1879 முதல் அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியக் கூலிகள் ஏற்றப்பட்டு வந்தனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் சென்றன. ஒப்பந்தம் 5 ஆண்டு. 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்பதே ஆள்கட்டுவோர் பின்பற்றிய கணக்கு. இதனால் விளைந்த ஒழுக்கக் கேட்டையும் கொலைகளையும் தற்கொலைகளையும் விவரிக்க நம் எழுதுகோல் கூசுகிறது. ஆண்ட்ரூஸ் மேடையேறி முழங்கவில்லை. கூலி வரிசைகளில் நுழைந்து, அவர்கள் சொன்னதைக் கேட்டு, கணக்கெடுத்து, அறிக்கை எழுதினார். இந்திய சர்க்காரால் அதை மறுக்க இயலவில்லை. 1917இல் மறுமுறையும் சென்றார். ஆள்சேர்ப்பு நின்றது, 1920 ஜனவரி 1இல் பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின. 40 ஆண்டு அடிமைத்தனம் ஓய்ந்ததற்குப் பலர் உழைத்தனர் என்பது மெய். அவர்களுள் இவ்வெளிய மனிதரின் உழைப்பு தலைசிறந்ததாகும்.

தாழ்மை என்றால் வாய்பொத்தி நிற்றல் என்று சிலர் கருதுவர். அவர்கள் ஆண்ட்ரூஸின் வரலாற்றை ஊன்றி நோக்கவேண்டும். 1921 மே மாதத்தில், அஸ்ஸாம் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களைத் துறந்து ஊர் திரும்பப் புறப்பட்ட தொழிலாளர், சாந்தபூர் நதித்துறையில் வழியின்றித் தேங்கினர், இரவில் கூர்க்காச் சிப்பாய்களால் ரயில் நிலையத்தினின்று துரத்தப்பட்டனர், வாந்திபேதியும் பரவிற்று. ஆண்ட்ரூஸ் ஓடிவந்து நோயாளிகளிடையே பணிசெய்தார். அத்துடன் நில்லாமல், வழிச்செலவு கொடுக்க மறுத்த வங்காள சர்க்காரை வெளிப்படையாகக் கண்டித்தார். இந்தியாவுக்கு முழு விடுதலை உடனே வேண்டும் என்று, காங்கிரஸ் 1929இல் லாகூரில் தீர்மானிப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதியவர் அவர்.

தாம் வணங்கிய காந்தியடிகளிடமும் அவர் உண்மையை மறைக்கவில்லை. 1918இல் அடிகள் யுத்தத்திற்கு ஆள்சேர்த்தபொழுது, அது அஹிம்சைக்குப் பொருந்தாதென்று எழுதினார். 1921இல் அந்நியத் துணிகள் கொளுத்தப்பட்டபொழுது, ஏழை உடுத்தக்கூடிய ஆடையைத் தீயிடுவது தம் மனத்தை வருத்துகிறதென்று அறிவித்தார். அடிகள் அதைத் தம் பத்திரிகையிலேயே வெளியிட்டு விடையும் இறுத்தார். நட்பு அணுவளவும் குறையவில்லை. 1924இல் ஹிந்து முஸ்லிம் ஒற்றுமைக்காக அடிகள் 21 நாள் உபவாசமிருந்தபொழுது, அருகிலிருந்து பணிவிடை செய்தவர் இவரே. காந்தியடிகளை மோகன் என்று பெயரிட்டழைத்த வெகுசிலருள் இவர் ஒருவர். பாதம் தொடவும் தெரிந்தது. பிழை எனக் கண்டதைச் சுட்டவும் தெரிந்தது. தமக்கென ஒன்றும் வேண்டாதவனுக்கே இவ்விரண்டும் கைகூடும்.

இவ்வாழ்வு இன்பமயமாயிருந்ததென்று எண்ணிவிடலாகாது. இரு பக்கத்து அடியும் அவர்மீது விழுந்தது. வெள்ளையர் பலர் அவரை இனத்துரோகி என்றனர். கீழ் ஆப்பிரிக்காவில் ரயிற்பயணத்தின்பொழுது வெள்ளைக் குடியேறிகள் அவருடைய தாடியைப் பற்றியிழுத்துத் தாக்கினர். நம்மவருள்ளும் சிலர், ஆங்கிலேயன் எப்படி நம்மவனாவான் என்று ஐயுற்றனர். எவரையும் எளிதில் நம்பி ஏமாறும் குணமும் அவருக்கு உண்டு. தம் உடைகளையும் பணத்தையும் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்துவிட்டு நிற்பார். காரியத்தில் கண்ணுடையோர் இதை அவருடைய குறையாகவே பேசினர். குறையாகவே இருக்கட்டும். ஒருவன் ஏமாற்றுவானென்று அஞ்சி ஒன்பதின்மரைத் திருப்பி அனுப்பும் சாமர்த்தியத்தைவிட இக்குறை மேலானதென்பதே நம் எண்ணம்.

1940 ஏப்ரல் 5இல், தம் 69ஆம் வயதில், கல்கத்தாவில் அவர் காலமானார். நோயுற்றிருந்த நாட்களில் காந்தியடிகள் சென்று அவரைக் கண்டார். அந்நகரத்துக் கிறிஸ்தவ இடுகாட்டிலேயே அவருடைய உடல் அடங்கிற்று. மனைவி மக்கள் இல்லை. சேர்த்து வைத்த பொருளும் இல்லை. தம் பெயரால் ஒரு கட்சியையோ ஸ்தாபனத்தையோ அவர் தோற்றுவிக்கவுமில்லை. 1971இல், அவருடைய நூற்றாண்டு நிறைவில், சுதந்திர இந்தியா அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது.

அவர் செய்த காரியங்களைக் கூர்ந்து நோக்கினால், ஒவ்வொன்றும் முடிந்தவுடன் அவர் அங்கிருந்து அகன்றுவிட்டதைக் காண்கிறோம். கல்லூரி ருத்ரருடையதாயிற்று, தென்னாப்பிரிக்க வெற்றி சத்தியாக்கிரகிகளுடையதாயிற்று, பிஜியின் விடுதலை அத்தொழிலாளருடையதாயிற்று. பயனைப் பிறர்க்கு விட்டு, பாரத்தைமட்டும் தாம் சுமந்தார். நம் பொது ஸ்தாபனங்களில் இன்று மலிந்துள்ள பூசல்களை எண்ணிப் பார்ப்போம். அவற்றுட் பெரும்பான்மை கொள்கையைப் பற்றியன அல்ல; நாற்காலியைப் பற்றியனவே. யார் தலைமை வகிப்பது, யார் பெயர் முதலில் வருவது, யாருக்கு மாலை என்பவற்றிலேயே நம் வலிமை செலவாகிறது. தொண்டர் என்று நம்மை நாமே அழைத்துக்கொள்வது எளிது. தகுதியுடைய மற்றொருவர் வந்தபொழுது எழுந்து இடம்விடுவோமாயின், அன்றே அப்பெயர் நமக்குப் பொருந்தும். அதுவரையில் அது நாம் இரவலாகப் பெற்ற பெயரேயாகும்.